ஃபேஜ் பொடி: ஸ்ப்ரே டிரையரை அணைத்த பிறகு நடக்கும் தவறுகள்

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ். நுரையீரலில் குடியேறிய சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜை, கரைசலைச் சூடான காற்றில் தெளித்து உலர்த்தும் ஸ்ப்ரே டிரையரில் மூச்சோடு இழுக்கும் பொடியாக்க முயலும் புதியவர்கள் இன்லெட் (காற்று உள்ளே வரும் இடம்) வெப்பநிலையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அது 60 டிகிரியில் இருந்தால் அவுட்லெட் (காற்று வெளியேறும் இடம்) நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். துகள் உணரும் சூடு பெரும்பாலும் அவுட்லெட்டினுடையதுதான். ஆனால் நல்ல பொடி பாழாவது பெரும்பாலும் இயந்திரத்தை அணைத்த பிறகு. கரைசல் தயாரிப்பில் தொடங்கி வரிசையாகப் பார்ப்போம்; எல்லோருக்கும் தெரிந்த சில்லறைத் தவறுகளை விட்டுவிடுவோம்.

எஸ்.எம். பஃபரை அப்படியே ஊற்றுவது

ஃபேஜைச் சேமிக்கும் உப்புக் கரைசல்தான் எஸ்.எம். பஃபர். அதில் லிட்டருக்கு சோடியம் குளோரைடு 5.8 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம், டிரிஸ் 6 கிராம் வரை இருக்கிறது. கூட்டினால் மில்லிக்கு 14 மி.கி. நீங்கள் போடும் ட்ரெஹலோஸும் (ஃபேஜைக் காக்கும் சர்க்கரை) லியூசினும் (துகளைப் பூசும் அமினோ அமிலம்) சேர்ந்தே மில்லிக்கு 20 மி.கி.தான். கரைசலில் பாதி ஃபேஜ் ஸ்டாக் (பஃபரில் உள்ள ஃபேஜ்) என்றால், பொடியில் கால் பங்கு பஃபர் சரக்கு; அது ஈரத்தை இழுக்கும். ஸ்டாக்கை மில்லிக்கு 10¹¹ ஃபேஜ் வரை செறிவாக்கி, நூறில் ஒரு பங்கு மட்டும் சேருங்கள்.

லியூசின் கரையுமுன் தொடங்குவது

தெளியும்வரை கலக்குங்கள். ஃபேஜைச் சேர்ப்பது அதன் பிறகே.

மானிடாலை முதன்மைச் சர்க்கரையாக்குவது

உலரும்போதே படிகமாகிவிடும். ஃபேஜைக் காப்பது கண்ணாடி நிலையில் (படிகமாகாமல் இறுகி) இருக்கும் சர்க்கரை. படிகத்தால் அது முடியாது.

பொடியை அறைக் காற்றில் திறப்பது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை. பொடி அருமையாக வந்திருக்கும். குப்பியைத் தட்டினால் புகை போல எழும். உடனே மேசையில் வைத்துத் திறந்து, எடை போட்டு, ஒவ்வொரு கேப்ஸ்யூலாக நிரப்ப உட்கார்வார்கள். கேட்டால், 'ஏசி ஓடுகிறதே' என்பார்கள். ஏசி அறையிலும் ஈரப்பதம் 55, 60 சதவீதம் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் பொடி குப்பியின் சுவரில் ஒட்டும். ஸ்பாட்டுலாவால் தொட்டால் கட்டியாக வரும்.

காரணம் எளிது. முற்றிலும் உலர்ந்த ட்ரெஹலோஸ் கண்ணாடி நிலையிலிருந்து இளகும் வெப்பநிலை ஏறக்குறைய 115 டிகிரி. 5 சதவீத நீர் ஏறினால் அது அறுபதை ஒட்டி இறங்கும். 10 சதவீதம் என்றால் அறை வெப்பநிலைக்கே வந்துவிடும். பாதுகாப்பாக வைக்க இந்த இளகும் வெப்பநிலைக்கு 50 டிகிரி கீழே இருக்க வேண்டும் என்பது நடைமுறை. அறுபதிலிருந்து ஐம்பதைக் கழித்துப் பாருங்கள். அலமாரியில் வைக்க வழியே இல்லை. இன்னொன்று: படிகமான லியூசின் நீரை ஏற்பதில்லை. 30 சதவீதம் லியூசின் உள்ள பொடியில் மொத்த ஈரம் 4 சதவீதம் என்று கருவி காட்டினால், ட்ரெஹலோஸ் பங்கில் அது 5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்.

இளகிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். பின் ட்ரெஹலோஸ் டைஹைட்ரேட் படிகமாகும், ஃபேஜ் சாகும். அதைத் திரும்ப டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பாத்திரத்தில்) வைத்துக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. மேலோட்டமான ஈரம் போய்விடும், செத்த ஃபேஜ் திரும்பாது. பிறகு பழி டிரையர் மேலும் ஃபேஜ் மேலும் விழுகிறது. தேவையில்லாமல் இன்லெட்டைக் குறைத்து, பொடியை இன்னும் ஈரமாக்குகிறார்கள்.

செய்ய வேண்டியது: சேகரிப்புக் குப்பியைக் கழற்றிய கையோடு மூடுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் மட்டும் திறங்கள். உள்ளே ஈரமானி இருக்கட்டும். ஹெச்.பி.எம்.சி. (செல்லுலோஸ் வகை) கேப்ஸ்யூல்களையும் இரண்டு நாள் முன்பே அந்தப் பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் ஈரம் பொடிக்குப் போகும். ஜெலட்டின் கேப்ஸ்யூல் வேண்டாம்: அதில் 13 முதல் 16 சதவீதம் நீர், உலர்த்தினால் நொறுங்கும். நிரப்பியதை சிலிகா ஜெல்லோடு அலுமினியப் பையில் போட்டு வெப்பத்தால் ஒட்டுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை அறை வெப்பநிலைக்கு வருமுன் பிரித்தால் பொடியின் மேல் பனிநீர் படியும்.

டைட்டரை மில்லிகிராமுக்குக் கணக்கிடாதது

டைட்டர் என்பது உயிருள்ள ஃபேஜின் எண்ணிக்கை. மில்லிக்கு 10⁹ ஃபேஜும் 20 மி.கி. திடப்பொருளும் உள்ள கரைசல் என்றால், இழப்பே இல்லாதபோது ஒரு மி.கி. பொடியில் 5×10⁷ இருக்க வேண்டும். இழப்பை அதோடு ஒப்பிடுங்கள். லியூசின் பூசிய துகள் நீரில் மிதக்கும். முழுதும் நனைந்து கரையும்வரை காத்திருக்காமல் பாக்டீரியா வளர்க்கும் பிளேட்டில் போட்டால், உயிரோடிருக்கும் ஃபேஜைச் செத்ததாக எழுதிவிடுவீர்கள்.

சர்க்கரையை மட்டும் அளப்பது

நுரையீரலுக்குள் போக, துகளின் காற்றியக்க விட்டம் 1 முதல் 5 மைக்ரான் வேண்டும். இம்பாக்டரில் (துகள்களை அளவுவாரியாகத் தட்டுகளில் பிரிக்கும் கருவி) நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் 2.4 விநாடி இழுத்து, ஒவ்வொரு தட்டிலும் ட்ரெஹலோஸ் எவ்வளவு என்று பார்த்தால் பொடி போய்ச் சேர்ந்த இடம் தெரியும். அங்கே ஃபேஜ் உயிரோடு சேர்ந்ததா என்பதற்கு, அதே தட்டைக் கழுவிய நீரில் பிளேக் (ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற தெளிந்த வட்டம்) எண்ண வேண்டும்.