பம்ப் ஷாஃப்ட்டிலிருந்து எலும்பு ஸ்குரூவுக்கு

பதினோரு வருடம் பம்ப் ஷாஃப்ட் கடைந்தவன் நான். கோவையில் சின்னப் பட்டறை. இப்போது ஆறு வருடமாக எலும்பு முறிவுக்குப் போடும் டைட்டானியம் ஸ்குரூதான் வேலை. இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள் போனில் முதலில் கேட்பது, "எத்தனை மைக்ரான் பிடிக்கணுமுங்க?" என்பதைத்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான அந்த மைக்ரான் இங்கே பெரிய விஷயமில்லை. ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்துக்குப் பத்துப் பதினைந்து மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் எலும்பு ஸ்குரூவின் மரைக்கு 100 மைக்ரானுக்கு மேலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். அளவு வந்த பிறகும் வேலை முடியாது என்பதுதான் இங்கே பழக வேண்டியது.

முதல் விஷயம் பார், அதாவது கடையப் போகும் உலோகக் கம்பி. கேட்க வேண்டியது டைட்டானியம் 6-4 ஈஎல்ஐ (ஆக்சிஜன் போன்ற கலப்பு மிகக் குறைந்த வகை), உடலுக்குள் வைக்கும் உலோகத்துக்கான ஏஎஸ்டிஎம் எஃப்136 தரச் சான்றோடு. கடையில் கிரேடு 5 என்று கிடைப்பதும் அதே 6 சதம் அலுமினியம், 4 சதம் வனேடியம்தான். ஆனால் கிரேடு 5-இல் ஆக்சிஜன் 0.20 சதம் வரை போகலாம், ஈஎல்ஐயில் 0.13-ஐத் தாண்டக் கூடாது. ஆக்சிஜன் கூடினால் உலோகம் வளைந்து கொடுக்கும் தன்மை குறையும். கண்ணுக்கோ கைக்கோ மைக்ரோமீட்டருக்கோ இரண்டும் ஒன்றுதான்.

இதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு நாள் பாதி ஓடிய பாரை, ஹீட் நம்பர் (எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) எழுதிய முனையை வெட்டிவிட்டு ரேக்கில் திரும்ப வைத்துவிட்டேன். மறுநாள் அதிலிருந்து வந்த ஸ்குரூக்கள் அளவில் பழுதே இல்லை. எந்த ஹீட் என்று காட்டக் காகிதம் இல்லாததால் அத்தனையும் பழைய உலோகம் வாங்குபவரிடம் போனது. அன்றிலிருந்து எங்களிடம் ஒரே சட்டம்: பாரை வெட்டினால் எண் இல்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். மிஞ்சும் துண்டில் எண் இருந்தால் ரேக்குக்கு, இல்லாவிட்டால் குப்பைக்கு.

வாங்கும்போதே கிரைண்ட் செய்த பாராக வாங்குங்கள், விட்டம் எச்7 என்ற துல்லிய வகுப்புக்குள் அல்லது அதைவிட நெருக்கமாக. 8 மில்லிமீட்டர் பாருக்கு எச்7 என்றால் 15 மைக்ரானுக்குள். நாங்கள் ஓட்டும் ஸ்லைடிங் ஹெட் மெஷினில் பார், அதைத் தாங்கும் கைடு புஷ் என்ற வளையத்துக்குள் வழுக்கி வெளியே வரும், டூல் புஷ்ஷின் வாயருகிலேயே வெட்டும். பார் தடித்தால் புஷ் இறுகும், மெலிந்தால் ஆட்டம் கொடுக்கும். கடைந்து மெலிந்த பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்தால் அதற்குப் பிடிமானம் இருக்காது. சாதா லேத்தில் மரை போடுவது போல முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை ஓட்ட முடியாது என்று சொல்வது இதனால்தான்.

அதற்குத்தான் வேர்லிங். ஒரு வளையத்தில் உள்பக்கம் பார்த்த இன்சர்ட்டுகள் (மாற்றக்கூடிய வெட்டு முனைகள்), நடுவே பார். வளையம் வேகமாகச் சுழலும், பார் மெதுவாகத் திரும்பிக்கொண்டே முன்னேறும். மரை முழு ஆழத்துக்கு ஒரே ஓட்டத்தில் விழுந்துவிடும். வளையத்தை மரையின் சாய்வுக்குச் சாய்க்க வேண்டும். 4.5 ஸ்குரூவுக்கு பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி) 1.75 மில்லிமீட்டர், அடிவிட்டம் 3. நடு விட்டம் 3.75-க்குக் கணக்கிட்டால் சுமார் 8.5 டிகிரி வரும். கணக்கில் வந்ததை வைத்து லாட் ஓட்டிவிடாதீர்கள். முதல் ஸ்குரூவை புரொஃபைல் புரொஜெக்டரில் பெரிதாக்கி, மரையின் இரண்டு பக்கச் சரிவையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அரை டிகிரி இப்படி அப்படித் தள்ளுங்கள். இந்த மரை இரு பக்கமும் ஒரே சரிவு கிடையாது. சாதா மரை கேஜ் இதற்கு உதவாது.

டைட்டானியம் சூட்டை வெளியே விடாது. இரும்பில் சுருளோடு போய்விடும் சூடு இங்கே டூல் முனையிலேயே தங்கிவிடும். கடைசலுக்கு நிமிடத்துக்கு 50 மீட்டர் வாக்கில் ஆரம்பியுங்கள், 8 மில்லிமீட்டர் பாருக்குச் சுமார் 2000 சுற்று. ஃபீடை (டூல் முன்னேறும் அளவை) குறைத்து பயந்து பயந்து வெட்டினால் டூல் வெட்டாமல் தேய்க்கும், பரப்பு இறுகும், அடுத்த டூலும் சாகும். இன்சர்ட் இன்னும் ஓடும் போலத் தெரியும்போதே மாற்றிவிடுவது நல்லது. ஷாஃப்ட் வேலையில் இன்சர்ட்டைக் கடைசிவரை கசக்கிய கைக்கு இது லேசில் வராது. எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மெல்லிய சுருள் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றவே கூடாது, எரிகிற டைட்டானியத்தில் அது தீயைப் பெருக்கும். மெஷின் பக்கத்தில் காய்ந்த மணல் ஒரு வாளி, உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் ஒன்று. சுருளைத் தினமும் அள்ளிவிடுங்கள்.

மரை முடிந்ததும் எதிரே இருக்கும் சப் ஸ்பிண்டில் ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ள, தலைக்குப் பின்னால் வெட்டி எடுத்து அறுகோணக் குழி போடுகிறோம். அதைப் பிடிக்கும் காலெட்டின் அழுத்தம் கூடினால் மரை முகட்டில் தடம் விழும், அதைக் கவனியுங்கள். குழியின் அகலம் 3.5 மில்லிமீட்டர். முன்துளை அதைவிட இம்மி பெரிதாக இருக்கட்டும், பிறகு ரோட்டரி புரோச், அதாவது சுழன்றபடி உள்ளே தள்ளி மூலைகளை வெட்டும் அறுகோண டூல். புரோச் தள்ளிய சுருள்கள் குழியின் அடியில் ஒட்டிக்கொண்டு மடங்கிக் கிடக்கும். அதே துளைப்பானை இன்னொரு தடவை இறக்கி அவற்றை அறுத்தெடுக்க வேண்டும். இந்த ஒரு அடியை விட்டால் என்ன ஆகும்? ஆபரேஷன் மேசையில் டிரைவர் குழிக்குள் முழுதாக இறங்காது. மருத்துவர் பலம் கொடுத்துத் திருப்புவார், மூலை மழுங்கிப்போகும். எலும்புக்குள் பாதி ஏறிய ஸ்குரூவை ஏற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

பிசிறு பார்க்க எங்களிடம் 20 மடங்கு மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அதற்கும் முன்னால் பஞ்சு. ஸ்குரூவை ஒரு சிட்டிகைப் பஞ்சில் வைத்துத் திருப்புங்கள், இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு. புதிதாகச் சேர்ந்த பையன், "அளவு சரியாத்தானுங்ணா இருக்கு" என்று ஒரு ஸ்குரூவை நீட்டினான். பஞ்சில் திருப்பிக் காட்டினேன். முனைப் பக்கம், மரை ஆரம்பிக்கும் இடத்தில் மீசை மாதிரி நாலு இழை நின்றது. அந்த இடத்தில்தான் பிசிறு அதிகம் தங்கும், முதலில் அங்கேயே பாருங்கள். பஞ்சுச் சோதனை கழுவுவதற்கு முன்னால்தான் நடக்க வேண்டும். பிறகு அல்ட்ராசோனிக் தொட்டி, நல்ல தண்ணீரில் அலசல். அதற்குமேல் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கலர் ஏற்றுவது எங்கள் வேலை இல்லை, வாடிக்கையாளரே செய்துகொள்கிறார். ஆனாலும் சொல்கிறேன், அந்த நீலமும் தங்க நிறமும் சாயமல்ல. மேலே படியும் ஆக்சைடு படலத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒளி காட்டும் நிறம், படலம் வளர்க்கப் பாய்ச்சும் மின்சாரத்தின் வோல்டேஜை மாற்றினால் நிறம் மாறும்.

கடைசியில் எண்ணிக்கை. 3 மீட்டர் பாரில் 40 நீள ஸ்குரூ அறுபதுக்கு மேல் வரும். நல்லது எத்தனை, கழிந்தது எத்தனை, சோதனைக்கு எடுத்தது எத்தனை என்று கூட்டினால் மெஷின் கவுன்டர் காட்டும் எண் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் சிப் தட்டைக் கொட்டித் தேடுகிறோம். கழிந்தவை சிவப்புப் பெட்டிக்குப் போகும், பூட்டு உண்டு, சாவி என்னிடம். சனிக்கிழமை மாலை திறந்து ஒவ்வொன்றின் தலையையும் வைஸில் வைத்து அறுத்துப் போடுகிறோம்.