குசினி மேடை ஏன் எப்போதும் நிரம்பியே கிடக்கிறது? வழக்கமாக விடும் பிழைகள்

குசினி மேடையில் கிடக்கும் சாமான்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் எங்கேயோ போகிற வழியில் அங்கே தங்கிவிட்டவையாக இருக்கும். வெங்காயப் பை கூடைக்குப் போகவில்லை, கழுவிய தாச்சி அலுமாரிக்குப் போகவில்லை, கரண்ட் பில் லாச்சிக்குப் போகவில்லை.

இந்த நிலையில் கடைக்குப் போய் இறாக்கை வாங்குவதுதான் முதற் பிழை. வழியில் நிற்கிற சாமானுக்கு நிரந்தர விலாசம் எழுதிக் கொடுத்ததாகிவிடும். முதலில் மேடையை முழுவதும் வெறுமையாக்கித் துடையுங்கள். நாளாந்தம் கைபடுவதை மட்டும் திருப்பி வையுங்கள். ஒரு கிழமையாகத் தொடாதது கீழ் அலுமாரிக்குப் போகட்டும். அடுப்புக்கும் சிங்குக்கும் இடையில் இரண்டடி நீளம் எந்நேரமும் சும்மா கிடக்க வேண்டும். பிட்டு குழைக்கிற தாச்சி, அரிதட்டு, தேங்காய்ப்பூக் கோப்பை, நீத்துப்பெட்டி எல்லாம் ஒன்றாக நிற்க அதற்குக் குறைந்த இடம் போதாது.

திருகோணமலை வீடுகளில் தனியாகச் சொல்ல வேண்டியது தயிர்ச்சட்டி. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிர் முடிந்ததும் சட்டியை எறிய யாருக்கும் மனம் வராது. கழுவி மேடை மூலையில் கவிழ்த்து, அதன்மேல் அடுத்ததைக் கவிழ்த்து, மாதக் கடைசியில் ஒரு கோபுரமே எழும்பிவிடும். மண்சட்டி நீரை உறிஞ்சும். தயிரின் கொழுப்பும் சுவருக்குள் ஊறியிருக்கும். வாய் மேடையோடு ஒட்டிக் கிடப்பதால் உட்பக்கம் காயாமல் சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் புளித்த மணத்துக்கு மேடையைத் தேய்த்துப் பயனில்லை. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, வாய் மேலே பார்க்க வெயிலில் காயவிடுங்கள். மற்றவை பூச்சட்டியாகலாம்: தண்ணீரில் ஊறவிட்டு, அடியில் கொங்கிறீட் பிற் போட்ட ட்ரில்லால் மெதுவாகத் துளையுங்கள். ஆணி அடித்தால் வெடிக்கும்.

துளைக்காமல் வளவில் குவிப்பது இன்னும் மோசம். வாடை மழையில் நீர் தேங்கினால் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு கிளம்பிவிடும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இதே காரணத்துக்காக, கோப்பை வடியவிடும் தட்டின் அடியிலும், எறும்புக்குப் பயந்து சீனிப் போத்தலைச் சுற்றி வைக்கிற தண்ணீர்த் தட்டிலும் நீர் நாட்கணக்காக நிற்க விடாதீர்கள். இறுக மூடுகிற போத்தல் இருந்தால் அந்தத் தட்டே தேவையில்லை, இடமும் மிச்சம்.

அடுப்போரம் வரிசையாகத் தூள் போத்தல்கள் நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் ஆவியும் சூடும் பட்டால் மிளகாய்த்தூள் நிறம் மங்கிக் கட்டிபடும். 250 கிராம் கொள்ளும் சிறு போத்தலில் ஒன்று இரண்டு கிழமைக்கு வேண்டியதை வெளியே வைத்து, மிச்சத்தை இறுக மூடி உள்ளே வையுங்கள். உப்பைத் தகர டின்னில் வைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். கடலோரத்தில், வாடை மாதங்களில், இது சர்வசாதாரணம். டின் துருப்பிடித்து மேடையில் வட்டக் கறை விழும். கண்ணாடிப் போத்தலோ பீங்கான் சாடியோ போதும்.

றைஸ் குக்கர் தினமும் வேலை செய்வதால் மேடையில் நிற்கட்டும். சுவர் அலுமாரிக்கு நேர் கீழே நிற்பதுதான் பிழை. மூடியிலிருந்து எழும்பும் ஆவி அலுமாரியின் அடிப்பலகையில் படும்; சிப்போட் பலகையானால் முதலில் ஓரப் பட்டி கிளம்பும், பிறகு பலகை ஊதும், கதவு மூடாது. சோறு வேகும்போது குக்கரை முன்னே இழுத்து வையுங்கள், அல்லது யன்னலோரம் கொண்டுபோங்கள். கேத்தல், குக்கர், ரோஸ்ரர் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் செருகி மூலையில் குவிப்பதும் வேண்டாம். 230 வோல்ட்டில் 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3000 வாட். 2000 வாட் கேத்தலோடு 700 வாட் குக்கரும் 800 வாட் ரோஸ்ரரும் சேர்ந்தால் கணக்கு மீறிவிடும்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் சொப்பிங் பேக்கோடு வைக்காதீர்கள், தனித்தனிக் கூடையில் போடுங்கள். மருந்து, திறப்பு, சார்ஜர் எதற்கும் மேடையில் இடமில்லை. 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்கிற மாத்திரைகள் அடுப்போரத்தில் கெட்டுப்போகும்.

கடைசியாகக் கச்சான். கடலையைச் சொல்லவில்லை, மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றைச் சொல்கிறோம். யன்னலோர கேஸ் அடுப்பின் நெருப்பு ஒருபக்கம் சாயும், அணைந்தும் போகும். உடனே அட்டைப்பெட்டி, மா டின், பிளாஸ்டிக் தட்டு என்று மறைப்பு ஒவ்வொன்றாக வந்து சேரும். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிற அட்டை எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் அடுப்பை யன்னலிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளுங்கள். முடியாவிட்டால் ஓரடி உயரத் தகரத் தகடு ஒன்றை மடித்து, காற்று வரும் பக்கம் மட்டும் நிறுத்துங்கள்; அடுப்பைச் சுற்றி வளைத்தால் சூடு திரும்பித் திருகுகளையும் கேஸ் குழாயையும் தாக்கும். யன்னல்களை எல்லாம் சாத்திவிடவும் கூடாது: கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும். காற்றடிக்கிற பக்கத்து யன்னலை மட்டும் சாத்தி, பின்கதவைத் திறந்து விடுங்கள். சமைத்து முடிந்ததும் தகட்டை மடித்துச் சுவர் ஆணியில் கொழுவிவிடலாம்.