ஆன்லைன் வகுப்பும் மெய்நிகர் உலகமும்: கல்லூரி ஆசிரியர்கள் ஒரு பருவத்தில் பழகிக்கொள்ள ஒரு வழி

ஆன்லைனில் பாடம் எடுக்கக் கற்றுக்கொள்வதென்றால் நம்மில் பலர் போவது எஃப்.டி.பி. என்கிற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்குத்தான். ஐந்து நாள் கூகுள் மீட், கடைசி நாள் ஃபீட்பேக் ஃபாரம், அப்புறம் மெயிலில் சான்றிதழ். பதவி உயர்வுக்கு அது தேவை, போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முடிந்த திங்கட்கிழமை நம் வகுப்பில் எதுவும் மாறவில்லையென்றால் அந்த ஐந்து நாளும் போனதுதான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் இருக்கிற நண்பர்களுக்கு நான் சொல்லிவருகிற வழி வேறு. துறை வித்தியாசம் பார்க்காமல் மூன்று நான்கு பேர் சேர்ந்துகொள்ளுங்கள், ஒரு பருவம் போதும்.

முதல் இரண்டு வாரம் நீங்கள் மாணவர். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் உங்களுக்குக் கொஞ்சமும் தெரியாத ஒரு பாடத்தில் சேருங்கள். வீடியோ, வாசிக்கும் பாடம், சுயதேர்வு, கலந்துரையாடல் என்று நான்கு பகுதியும் இருக்கும், நான்கையும் தொடுங்கள். ஒரே நிபந்தனை, எல்லாமே போனில்தான், அதுவும் மொபைல் டேட்டாவில்தான். கல்லூரி வைஃபை கிடையாது. குலசேகரம் பக்கத்தில் விடியும் முன்னே அப்பாகூட ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வந்து குளித்து பஸ் பிடிக்கிற பிள்ளை நம் வகுப்பில் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னலுக்காக வீட்டை விட்டு இறங்கி ரோட்டுக்கு வரவேண்டிய பிள்ளையும் உண்டு. அவர்கள் எந்த நேரத்தில், எப்படி உட்கார்ந்து நம் வீடியோவைப் பார்ப்பார்கள் என்பது நாமே அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் உறைக்கும். எங்கே நிறுத்தினீர்கள், எங்கே ஓட்டிவிட்டீர்கள், எந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் ஆர்வம் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்து எந்தப் பயிற்சியையும்விட அந்த நோட்டு பயன்படும்.

அடுத்து, உங்கள் பாடத்தில் ஒரே ஒரு யூனிட்டை எடுங்கள். பருவம் முழுவதையும் மாற்றப் போனால் பாதியில் நின்றுவிடும். ஐம்பது நிமிட விரிவுரையை அப்படியே பதிவு செய்யாதீர்கள். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு நிமிடத்துக்குள் அடங்கும் வீடியோக்களையே மாணவர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள் என்று காட்டியது. அதனால் ஒரு கருத்துக்கு ஒரு துண்டு, அதன் முடிவில் ஒரு கேள்வி. கூடவே அதே பாடத்தைக் குரல் பதிவாகவும் கொடுங்கள். 64 கேபிபிஎஸ் வேகத்தில் பதிவு செய்த பத்து நிமிடக் குரல் 5 எம்பிக்குள் வரும், அதே பத்து நிமிடம் 1 எம்பிபிஎஸ் வீடியோவாக இருந்தால் 75 எம்பி. வாட்ஸ்அப்பில் குரலும் இரண்டு பக்கக் குறிப்பும் போனால் சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் இருப்பாள்.

நேரலை வகுப்பில் கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே அறையில் தம்பி படித்துக்கொண்டும் பாட்டி படுத்துக்கொண்டும் இருக்கிற வீடு அது. ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சாட்டில் பதில் போடும்படி ஏதாவது கேளுங்கள்.

பாடம் தயாரானதும் குழுவில் இருக்கிற ஒருவர் உங்கள் வகுப்பில் மாணவராக வந்து உட்காரட்டும். முடிந்ததும் சாயா குடிக்கப் போகும்போது இரண்டே விஷயம் சொல்லட்டும், எந்த இடத்தில் விளங்கியது, எந்த இடத்தில் தொலைந்துபோனார். “நல்லா இருந்துச்சு சார்” என்று மட்டும் சொல்வதாக இருந்தால் வரவே வேண்டாம். மூத்தவர் வகுப்பில் இளையவர் உட்காரத் தயங்குவார், அதனால் மூத்தவரே முதலில் தன் வகுப்பைத் திறந்துவிட வேண்டும்.

இனி மெய்நிகர் உலகம், அதாவது கணினிக்குள் கட்டிய முப்பரிமாண இடத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு உருவத்தோடு நடமாடுகிற வகுப்பு. இதில் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எல்லாப் பாடத்துக்கும் இது தேவையில்லை. போக முடியாத இடம், தொட்டால் ஆபத்தான பொருள், கண்ணால் அளக்க முடியாத பெரிய கட்டுமானம், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஆய்வகச் சோதனைகள் மட்டும் போதுமென்றால் மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் தளத்திலேயே நிறைய இருக்கின்றன, நாம் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கட்டுவதாக இருந்தால், இப்படிப்பட்ட உலகத்தை நாமே உருவாக்க உதவும் ஓப்பன்சிமுலேட்டர் (சுருக்கமாக ஓப்பன்சிம்) என்ற மென்பொருளைச் சொல்வேன். இலவசம். அதைவிட முக்கியம், இணையம் இல்லாமலே ஓடும். கல்லூரி லேபில் ஒரு கணினியில் நிறுவிவிட்டு, மற்ற கணினிகளில் அந்த உலகத்தைத் திரையில் காட்டும் ஃபயர்ஸ்டார்ம் என்ற வியூவரைப் போட்டு, லேபின் உள் வலையமைப்பான லேனில் இணைத்தால் போதும். லேபுக்கு வெளியே நெட் போனாலும் வகுப்பு நடக்கும். நம் பொருள் நம் கையில் இருப்பதும் பெரிய விஷயம். செகண்ட் லைஃப் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் மெய்நிகர் உலகம். அதில் தீவு வாங்கி வைத்திருந்த பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்துவந்த கல்விச் சலுகையை நிறுத்துவதாக அந்த நிறுவனம் 2010-இல் அறிவித்தபோது பலர் இடம் மாற வேண்டி வந்தது. சலுகை 2013-இல் திரும்பி வந்தாலும் போனவர்கள் போனவர்கள்தான். மொஸில்லாவும் ஹப்ஸ் என்ற தன் மெய்நிகர் அறைச் சேவையை 2024 மே மாதத்தோடு மூடியது. ஓப்பன்சிமில் நாம் கட்டிய முழு நிலத்தையும் ஓ.ஏ.ஆர். கோப்பாகச் சேமித்து பென்டிரைவில் எடுத்துப் போகலாம்.

எங்கள் குழு எடுத்துக்கொண்டது, பள்ளத்தாக்கின் மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம், 28 தூண்கள். மேலே நடந்து போகும்போது அதன் உயரம் தெரியும், அடியில் பறளியாற்றங்கரையில் நின்றால் தூண்களின் பருமன் தெரியும், ஆனால் தண்ணீரின் எடை எப்படித் தூண் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை இரண்டு இடத்திலிருந்தும் பார்க்க முடியாது. மெய்நிகர் பாலத்தில் ஒரு தூணைக் கழற்றி வைத்துவிட்டு “மக்கா, இப்போ எங்கே உடையும்?” என்று கேட்கலாம். கட்டும்போது ஒரு சிக்கல் வந்தது. ஓப்பன்சிமில் ஒரு சாதாரண நிலப்பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர், பாலம் அதைவிட நீளம். பாதிப் பாலம் நிலத்துக்கு வெளியே போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு பகுதியைச் சேர்த்துச் சரிசெய்தோம். ஒரு தூணைப் பெட்டி வடிவங்களால் செய்துவிட்டால் மற்றவை அதன் நகல்தான், உயரத்தை மட்டும் தரைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

முதல் நாள் பாடம் எடுக்காதீர்கள். அந்த ஒரு பீரியடை நடக்கவும் பறக்கவும், ஆல்ட் விசையைப் பிடித்து மவுஸால் பார்வையைச் சுற்றவும் கொடுத்துவிடுங்கள். சுவரில் முட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது. சிலருக்குத் தலைசுற்றும், அவர்கள் பக்கத்தில் இருப்பவரின் திரையைப் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும், மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். அவதாருக்கு, அதாவது அந்த உலகத்தில் பிள்ளையின் உருவத்துக்கு, விருப்பப்பட்ட பெயர் வேண்டாம், வரிசை எண்ணும் சொந்தப் பெயரும் இருக்கட்டும். முகமூடி கிடைத்தால் கேலி செய்கிறவர்களும் உண்டு.

குழு வேலைக்கு ஒரு வசதி சொல்கிறேன். அந்த உலகத்தில் சாட்டில் சாதாரணமாகத் தட்டச்சு செய்வது 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான் தெரியும், ‘கத்துவது’ (ஷவுட்) என்ற முறையில் போட்டால் 100 மீட்டர் வரை போகும். இது தெரியாமல் நான் பாலத்தின் ஒரு முனையில் நின்று ஐந்து நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தேன், மறுமுனையில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு வரியும் வரவில்லை. அதன்பிறகு அதையே பயன்படுத்திக்கொண்டேன். ஒவ்வொரு குழுவையும் 30 மீட்டர் தள்ளி ஒவ்வொரு தூணடியில் நிறுத்தினால் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் குறுக்கே வராது, நீங்கள் தூண் தூணாக நடந்துபோய்க் கேட்கலாம்.

வகுப்பு முடிந்து மறுவாரம், முடிந்தால் பிள்ளைகளைத் திருவட்டாறு பஸ்ஸில் ஏற்றி நிஜப் பாலத்துக்கே கூட்டிப் போங்கள். லேபில் எழுதிய விடைகளையும் கையோடு எடுத்துப் போய், அங்கே தூணடியில் நின்று அவர்களே திருத்தட்டும்.