வெயிட் லாஸ் சர்ஜரி பத்தி டாக்டர்கிட்ட எப்படி பேச்சை ஆரம்பிக்கறது?

மாசக்கணக்கா மனசுக்குள்ளயே வச்சு யோசிச்சு, ராத்திரி தூக்கம் வராம வீடியோ மேல வீடியோ பாத்து, சர்ஜரி பேரெல்லாம் மனப்பாடம் ஆகிற அளவுக்கு படிச்சிருப்பாங்க, ஆனா டாக்டர் முன்னாடி உக்காந்ததும் "மாத்திரை தீந்துடுச்சு, முட்டி வலி குறையவே இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்துடறவங்க நிறைய பேர். இல்லன்னா எல்லாம் முடிஞ்சு கதவு கிட்ட போனப்புறம் திரும்பி நின்னு "அது வந்து டாக்டர், இந்த வெயிட்டுக்கு ஏதோ ஆபரேஷன் இருக்காமே"ன்னு மெதுவா கேக்கறது. அதுக்குள்ள அடுத்த பேஷண்ட் உள்ள வந்துடுவாங்க, டாக்டரும் போற போக்குல ஏதோ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடுவார்.

அதனால முதல் வேலை, உக்காந்த உடனே சொல்லிடுங்க. "டாக்டர், இன்னைக்கு முக்கியமா என் வெயிட் பத்தி பேசத்தான் வந்தேன், சர்ஜரி எனக்கு சரிப்படுமான்னு தெரிஞ்சுக்கணும்." அவ்வளவுதான். இதுல நீங்க பெர்மிஷன் கேக்கல பாருங்க, உங்க உடம்புக்கு அது பொருந்துமான்னு செக் பண்ணிச் சொல்லச் சொல்றீங்க. "பண்ணிக்கட்டுமா"ன்னு கேட்டா பேச்சு ஆமா இல்லன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சுடும், "எனக்கு பொருந்துமா, எப்படி பாக்கறது"ன்னு கேட்டா டாக்டர் விளக்கித்தான் ஆகணும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "கொஞ்சம் விவரமா பேசணும், கூட டைம் வேணும்"னு ரிசப்ஷன்ல சொல்லி வைக்கறதும் நல்லது.

கூச்சம் இருக்கும், எனக்கு புரியுது. வாயைக் கட்டத் தெரியாதவங்க, சோம்பேறின்னு ஊர் உலகம் சொல்லிச் சொல்லி நாமளே அப்படித்தான் போலன்னு நம்ப ஆரம்பிச்சிருப்போம். ஆனா உடல் பருமன் நாள்பட்ட ஒரு நோய், சுகர் பிரஷர் மாதிரியே. டயட் இருந்து வெயிட் குறைஞ்சா உடம்பு அதை ஏத்துக்காம எதிர்த்து நிக்கும், பசியைத் தூண்டற க்ரெலின்ங்கற ஹார்மோன் கூடும், உடம்பு செலவு பண்ற கலோரி குறைஞ்சுடும், அதான் கஷ்டப்பட்டு இறக்கின வெயிட் மறுபடி ஏறிடுது. சர்ஜரி வேலை செய்யறதுக்கு ஒரு முக்கிய காரணமும் இதேதான், வயிறு சின்னதாகறது மட்டும் இல்ல, பசி, வயிறு நிறைஞ்ச உணர்வு, இன்சுலின் வேலை செய்யற விதம் எல்லாமே மாறுது. டைப் 2 சுகர் இருக்கறவங்களுக்கு சில சமயம் வெயிட் பெருசா குறையறதுக்கு முன்னாடியே சுகர் இறங்க ஆரம்பிக்கும். அதனால குறுக்கு வழி தேடறோமோன்னு கூனிக்குறுகி பேச வேண்டிய அவசியமே இல்ல.

போறதுக்கு முன்னாடி உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த வெயிட்டான்னு காட்டற எண், எவ்வளவுன்னு கணக்கு போட்டுக்கோங்க. கிலோவுல இருக்கற வெயிட்டை, மீட்டர்ல இருக்கற உயரத்தால ரெண்டு தடவை வகுக்கணும். 160 சென்டிமீட்டர் உயரம், 95 கிலோன்னா ஏறக்குறைய 37 வரும். ரொம்ப காலமா 1991ல அமெரிக்காவுல வந்த வழிகாட்டுதல்தான் எல்லாருக்கும் அளவுகோலா இருந்துச்சு, 40க்கு மேல இருக்கணும், இல்ல 35க்கு மேல இருந்து கூட சுகர் மாதிரி நோயும் இருக்கணும்னு. 2022ல சர்ஜன்களோட ரெண்டு பெரிய சங்கங்கள் சேந்து அதை மாத்தினாங்க: 35க்கு மேலன்னா வேற நோய் இல்லன்னாலும் பரிந்துரைக்கலாம், 30லேருந்து 35க்குள்ள சுகர் மாதிரி மெட்டபாலிக் பிரச்சனை இருந்தா யோசிக்கலாம், ஆசிய மக்களுக்கு குறைஞ்ச பிஎம்ஐலயே நோய் வர்றதால 27.5லேருந்தே பேசலாம்னு. ஆனா பல டாக்டர்களும் இன்சூரன்ஸ்காரங்களும் இன்னும் பழைய கணக்குலயே இருப்பாங்க, அதனால "நீங்க எந்த கைட்லைன் பாக்கறீங்க டாக்டர்"னு மரியாதையா கேக்கறதுல தப்பே இல்ல.

ஒரு பேப்பர் எடுத்து உங்க வெயிட் கதையை எழுதிக்கிட்டு போங்க. இதுதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ற விஷயம், ஏன்னா அங்க போய் உக்காந்தா எல்லாம் மறந்துடும். எந்த வயசுல ஏற ஆரம்பிச்சுது, அதிகபட்சம் எவ்வளவு போச்சு, என்னென்ன டயட் எவ்வளவு நாள் இருந்தீங்க, எவ்வளவு குறைஞ்சுது, எவ்வளவு திரும்ப வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் ஏறிச்சா, ஏதாவது மருந்து ஆரம்பிச்சதும் ஏறிச்சா? இதை ஏன் கேக்கறேன்னா ஸ்டீராய்ட், இன்சுலின், வலிப்புக்கு குடுக்கற வால்ப்ரோயேட், மனநலத்துக்கு குடுக்கற சில மாத்திரை இதெல்லாம் வெயிட்டை ஏத்தும், சில சமயம் மருந்தை மாத்தினாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும், ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கடையில சொந்தமா வாங்கிச் சாப்பிடற பவுடர், லேகியம் உட்பட. என் அக்கா கூட நான் போனப்ப அவங்க இப்படித்தான் ஒரு பக்கத்துக்கு எழுதி நீட்டினாங்க, டாக்டர் அதை வாங்கிப் படிச்சுட்டு, ஒரு வரியில விரலை வச்சு "ராத்திரி குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்ன மாதிரி எழுந்துக்கறேன்னு எழுதியிருக்கீங்களே, இதை முதல்ல பாப்போம்"னு ஸ்லீப் டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தார். மயக்க மருந்து குடுக்கறப்ப ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சனை, இருக்கறது தெரிஞ்சிருக்கணும், தெரியாம போனா ஆபத்து. பேச்சுல அது வந்தே இருக்காது, குறட்டையெல்லாம் யாரு டாக்டர்கிட்ட சொல்றா.

அதே மாதிரி மறைக்கக் கூடாத விஷயங்கள் சிலது இருக்கு. சிகரெட், குடி, மன அழுத்தம், ராத்திரி எழுந்து யாருக்கும் தெரியாம நிறைய சாப்பிடற பழக்கம், முன்னாடி வயித்துல நடந்த ஆபரேஷன், கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டினது. இதெல்லாம் சொன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கன்னு பயந்து பூசி மெழுகறவங்க உண்டு, ஆனா பெரும்பாலும் சர்ஜரி தள்ளிப்போகுமே தவிர கதவு மூடிடாது. சிகரெட் பிடிச்சா தையல் சரியா ஆறாம போகலாம், அல்சர் வரலாம். வெயிட் குறைக்கற சர்ஜரில ஒரு வகையான வயித்து பைபாஸுக்கு (இதய பைபாஸ் இல்ல, கீழ சொல்றேன்) அப்புறம் சாராயம் ரத்தத்துல வேகமா ஏறும், குடிப்பழக்கம் புதுசா வர்ற ஆபத்தும் இருக்கு. மனநல டாக்டரைப் பாக்கச் சொன்னா அதை பரீட்சை மாதிரி எடுத்துக்காதீங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற மாற்றத்தை நீங்க தாங்கறதுக்கு என்ன உதவி வேணும்னு பாக்கறதுக்குத்தான் அது. குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கறவங்க கண்டிப்பா சொல்லணும், சர்ஜரிக்கு அப்புறம் 12லேருந்து 18 மாசம் கர்ப்பம் வேண்டாம்னு சொல்வாங்க, ஆனா வெயிட் குறையும்போது கரு தங்கற வாய்ப்பு கூடிடும், பைபாஸுக்கு அப்புறம் கருத்தடை மாத்திரையை முழுசா நம்பவும் முடியாது, வேற வழி என்னன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும்.

இப்ப நீங்க கேக்க வேண்டியது. "எந்த சர்ஜரி, ஏன் எனக்கு அது?" இந்த ஒரு கேள்வியை விடாதீங்க. அதிகமா செய்யறது ரெண்டு, ஸ்லீவ், பைபாஸ். ஸ்லீவ்ல வயித்தோட ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துடுவாங்க, திரும்ப வைக்க முடியாது. பைபாஸ்ல வயித்தோட மேல்பக்கத்துல 30 மில்லி பிடிக்கற மாதிரி ஒரு சின்ன பை மட்டும் விட்டு, அதை நேரா சிறுகுடல்ல இணைச்சுடுவாங்க. உங்களுக்கு நெஞ்செரிச்சல் ஜாஸ்தின்னா ஸ்லீவ் அதை இன்னும் மோசமாக்கலாம், பைபாஸ் நல்லதா இருக்கலாம். ஆனா பைபாஸ் பண்ணவங்க இனிப்பு சாப்பிட்டா வியர்த்து படபடன்னு அடிச்சு வயித்தைக் கலக்கலாம், முட்டி வலிக்கு போடற ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையை தவிர்க்கணும், முட்டி வலியோட வாழறவங்க இதை தெரிஞ்சுக்காம போகவே கூடாது.

அடுத்தது ஆபத்து பத்தி. தையல் போட்ட இடத்துல கசிவு, ரத்தப்போக்கு, கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டி, இதெல்லாம் அபூர்வம், ஆனா நடக்கும். "எனக்கு இருக்கற நோய்களை வச்சு என் ரிஸ்க் எவ்வளவு"ன்னு கேளுங்க, பொதுவான பதில் பத்தாது. வருஷத்துக்கு எத்தனை ஆபரேஷன் பண்றீங்க, நடுராத்திரி காய்ச்சலும் படபடப்பும் வந்தா யாரைக் கூப்பிடணும், அஞ்சு வருஷம் கழிச்சு என் பிளட் டெஸ்ட்டை யாரு பாப்பாங்க. பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி இதெல்லாம் ஆயுசுக்கும் எடுக்கணும், டெஸ்ட்டும் தொடரணும். முதல் சில மாசத்துல முடி கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளந்துடும். தொங்கற தோல் தானா போகாது. பித்தப்பைல கல் வரலாம். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாத்தான், சாப்பிடும்போது தண்ணி குடிக்கறதும் கூடாது. குறைஞ்ச வெயிட்ல சில வருஷம் கழிச்சு கொஞ்சம் திரும்ப ஏறறதும் சகஜம்.

ஊசி மருந்து பத்தியும் சேத்துக் கேளுங்க, செமாக்ளூடைட், டிர்செபடைட் மாதிரி. சிலருக்கு அது போதுமா இருக்கும், ஆனா நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு வெயிட் திரும்ப வருது. ஏற்கெனவே போட்டுக்கறீங்கன்னா மயக்க மருந்து டாக்டர்கிட்டயும் மறக்காம சொல்லணும், ஏன்னா அந்த ஊசியால வயிறு காலியாக அதிக நேரம் எடுக்கும்.

சரி, டாக்டர் கேக்காமலே "வாக்கிங் போங்க, சாப்பாட்டை குறைங்க"ன்னு முடிச்சுட்டா? கோவப்படாம அந்த பேப்பரை நீட்டுங்க. "இதெல்லாம் பண்ணிட்டேன் டாக்டர், இவ்வளவு குறைஞ்சு இவ்வளவு ஏறிடுச்சு, எனக்கு சர்ஜரி வேண்டாம்னா காரணத்தை சொல்லுங்க, எது மாறினா மறுபடி பேசலாம்னும் சொல்லுங்க." காரணம் உண்மையிலயே இருக்கலாம், இதயம் தாங்காதுன்னோ, கர்ப்பமா இருக்கறதாலயோ. காரணமே சொல்லாம கைய உதறினா வேற டாக்டரைப் பாருங்க, அதுல துரோகம் ஒண்ணும் இல்ல. இதுக்கு நேர் எதிரானதும் நடக்கும், முதல் தடவை பாத்த அன்னைக்கே டெஸ்ட் எதுவும் இல்லாம ஆபரேஷன் தேதி குறிச்சுக் குடுக்கறது. அங்க நிக்காதீங்க. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன், டயட்டீஷியன், மனநலம் இதெல்லாம் பாத்துட்டுத்தான் ஒரு ஒழுங்கான டீம் தேதியே பேசும்.

கூட நம்பிக்கையான ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, நீங்க பேசறப்ப அவங்க எழுதிக்கட்டும். வீட்ல எதிர்ப்பு இருந்தா எதிர்க்கறவங்களையே கூட்டிட்டுப் போறது இன்னும் நல்லது, அவங்க பயத்தை டாக்டர்கிட்டயே நேரா கேக்கட்டும். ரூமை விட்டு வர்றதுக்கு முன்னாடி என்னென்ன டெஸ்ட், எந்த சர்ஜனுக்கு லெட்டர், அடுத்து எப்ப வரணும், இந்த மூணையும் எழுதி வாங்கிட்டு எழுந்திருங்க.