அறுபதாம் கல்யாணத்துக்கு 4 அடி '60': பலூன் ஃபிரேமை வீட்டிலேயே செய்வது எப்படி

பலூன் ஃபிரேம் என்பது எண் வடிவத்தில் வெட்டிய அட்டையைச் சுற்றிச் சுவர் எழுப்பிய பெட்டி, அதற்குள் பலூன்களை நிரப்புவோம். பலூன் ஊதிச் செருகுவதை வீட்டுப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ஃபிரேம் கோணினால் மட்டும் எதைச் செருகினாலும் கோணலாகத்தான் தெரியும், அதனால் உங்கள் நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் 5 மி.மீ. சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரை அட்டை) கேளுங்கள். 8க்கு 4 அடி ஷீட் ஒன்று இருந்தால் இரண்டு எண்ணுக்கும் போதும். க்ளூ கன், பேப்பர் கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பேப்பர் டேப், டபுள் சைடு டேப், 5 இஞ்ச் பலூன்கள், அவ்வளவுதான். தெர்மாகோல் மலிவுதான், ஆனால் சூடான பசை பட்டால் உருகிவிடும், வேண்டாம்.

முதலில் அச்சு. தடித்த எழுத்துருவில் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபாட் ரீடரில் 'போஸ்டர்' முறையில் பிரிண்ட் கொடுங்கள். அகலத்துக்கு 3, உயரத்துக்கு 4 என 12 ஏ4 தாள் ஒட்டினால் கிட்டத்தட்ட 4 அடி வரும். எண்ணின் தண்டு, அதாவது எண்ணை வரையும் கோடு, 8 இஞ்சாவது அகலம் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பலூன் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். மெல்லிய எழுத்துரு எடுத்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது 6 என்றே தெரியாது.

அச்சை ஷீட்டின் ஒரு ஓரமாக வைத்து வரைந்து வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள், லேசாக மூன்று நான்கு தடவை ஓட்டினால் விளிம்பு சுத்தமாக வரும். மிச்சமுள்ள ஷீட்டை 5 இஞ்ச் அகலப் பட்டைகளாக்குங்கள், அதுதான் பக்கச் சுவர்.

இனி வளைவு, பொறுமை வேண்டிய இடம். பட்டையில் 3 செ.மீ.க்கு ஒரு கோடு, பாதி ஆழம் மட்டும் கீறி வளைக்க வேண்டும் (முதலில் ஒரு துண்டில் பழகிப் பாருங்கள், ஆழம் கூடினால் முறிந்துவிடும்). கீறல் எப்போதும் வளைவின் வெளிப்பக்கம் வர வேண்டும். 0-வின் வெளிச் சுவரில் அது வெளியே பார்க்கும், நடு ஓட்டையைச் சுற்றி வரும் சுவரிலோ பலூன் பக்கம் திரும்பிவிடும், அந்த இடத்தில் மட்டும் மேலே பேப்பர் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கூரான விளிம்பு பலூனைக் குத்தும்.

சுவரை அட்டையின் ஓரத்தில் நிறுத்தி, அரை அடி அரை அடியாகப் பசை வைத்து, இறுகும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உள்மூலை முழுக்க இன்னொரு வரி பசை. நேராகப் போகும் இடங்களில் உள்ளே சின்ன முக்கோணத் துண்டுகளை முட்டுக் கொடுத்தால் சுவர் சாயாது, பலூனுக்கு அடியில் அது தெரியவும் தெரியாது. காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள், முள் போல நிற்கும் பசையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

பின்பக்கம் ஒரு ரீப்பர் கட்டையைச் சாய்வாகக் கட்டி, அடியில் மணல் பை வைத்தால் மண்டபத்து ஃபேன் காற்றுக்கும் அசையாது.

பலூனை 4 இஞ்சுக்கு ஊதினால் சதுர அடிக்கு 9 பிடிக்கும். இந்த அளவு 0-வுக்கு ஏறத்தாழ 45, இடுக்குகளுக்குச் சின்னதாக ஊதியவை தனி. எல்லாவற்றையும் ஒரே அளவில் ஊதாதீர்கள். முடிச்சு உள்ளே போகுமாறு டபுள் சைடு டேப்பில் ஒட்டி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள்.

நிரப்புவதை முந்தின நாள் ராத்திரி வைத்துக்கொள்ளலாம். ஃபிரேமை ஹோம குண்டத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள், அனல் பட்டால் பலூன்கள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்துவிடும்.