கல்லூரியில் ஒரு பறவை மன்றம்: பெயர் வைப்பதில் இருந்து ஆள் சேர்ப்பது வரை

கல்லூரியில் மன்றம் தொடங்குகிறவர்கள் முதல் வாரம் லோகோ வரைவார்கள். இரண்டாவது வாரம் தலைவர், செயலாளர், பொருளாளர், சோஷியல் மீடியா ஹெட் என்று பதவி பிரித்துக்கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஐந்து பேர்தான் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். பொறியியல் படித்தபோது நானும் அப்படி டீ குடித்தவன்தான். எங்களுடையது பறவை பார்க்கும் மன்றம். பிறகு டிசைன் வேலைக்கு வந்துவிட்டேன். இப்போதும் வருஷத்துக்கு இரண்டு மூன்று மாணவர் குழுக்கள் "அண்ணா, ஒரு லோகோ போட்டுக் குடுங்க" என்று வந்து நிற்கின்றன. அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். உதாரணத்துக்குப் பறவை மன்றத்தையே எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது ரோபாட்டிக்ஸாகவோ குறும்படமாகவோ இருந்தால் பறவைக்குப் பதில் அதைப் போட்டுப் படியுங்கள்.

படி 1: ஒரே ஒரு ஆளை மனதில் நிறுத்துங்கள்

முதலாம் ஆண்டு மாணவர். தமிழ் வழியில் படித்து வந்தவர். ஹாஸ்டலுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று உங்கள் போஸ்டரைப் பார்க்கிறார். மனதுக்குள் ஓடுவது இதுதான்: தனியாகப் போனால் யார் பக்கத்தில் நிற்பது? பைனாகுலர் வாங்கச் சொல்வார்களா? இங்கிலீஷில்தான் பேசுவார்களோ? காசு கேட்பார்களா?

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் அவர் வருவார். லோகோ அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க மாட்டார்கள். இனிவரும் ஒவ்வொரு படியிலும் இந்த ஆளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெயர்

ஆங்கில வார்த்தைகளை வளைத்து நெளித்து, முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரு சுருக்கம் உண்டாக்குவது நம் கல்லூரிகளில் ஒரு வியாதி. அதை விட்டுவிடுங்கள். கேன்டீன் இரைச்சலில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் காதில் சரியாக விழ வேண்டும். அந்த அளவுக்கு எளிய பெயர் போதும்.

தமிழில் பெயர் வைப்பதாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. இன்ஸ்டாகிராமில் உங்களைத் தேடுபவர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார். 'சிறகு' என்று வைத்தால் ஒருவர் 'ச'வுக்கு ஒரு எழுத்து போடுவார், மற்றவர் இரண்டு எழுத்து போடுவார். பெயரில் 'ழ' இருந்தால் கேட்கவே வேண்டாம், மூன்று விதமாக எழுதுவார்கள். 'மைனா' போன்ற பெயருக்கு இந்தச் சிக்கல் குறைவு. பெயரை முடிவு செய்யும் முன் ஐந்து பேரைத் தனித்தனியாக ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு பேர் ஒரே மாதிரி எழுதினால் வைத்துவிடலாம்.

பெயருக்கு முன்னால் டிபார்ட்மென்ட் பெயரைச் சேர்க்காதீர்கள். ஈ.சி.இ. என்று தொடங்கினால் மெக்கானிக்கல் மாணவர் அடுத்த வார்த்தையைப் படிக்க மாட்டார். கல்லூரியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதாக இருந்தால், ஸ்டாஃப் கோஆர்டினேட்டர் வழியாக முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் அச்சுக்குப் போக வேண்டும். முதலில் அடித்துவிட்டுப் பிறகு கேட்டால் போஸ்டர் கிழிபடும்.

படி 3: லோகோ

பறவை மன்றம் என்றதும் எல்லோரும் மயிலைக் கேட்பார்கள். மயிலின் தோகையை ஃபோன் திரையில் சின்னதாகப் பார்த்தால் துடைப்பம் மாதிரி இருக்கும். அடுத்து கழுகு கேட்பார்கள். அது ஜிம் வாசலில் வைக்கத்தான் சரி.

நான் தவிட்டுக்குருவியைச் சொல்வேன். ஏழெட்டுப் பேராக வேப்பமரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று திட்டுவது போலக் கத்திக்கொண்டு திரியுமே, அதேதான். தனியாக அதைப் பார்ப்பது அபூர்வம். அநேகமாக எல்லாக் கல்லூரி வளாகத்திலும் இருக்கும். உருண்டை உடம்பு, நீண்ட வால் என்பதால் இரண்டு கோட்டில் வரைந்துவிடலாம். நிறத்துக்கும் அலைய வேண்டாம்: உடம்பின் தவிட்டு நிறம் ஒன்று, அலகின் மஞ்சள் ஒன்று. இரண்டு நிறத்தின் குறியீட்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாப் போஸ்டரிலும் அவற்றையே பயன்படுத்துங்கள். கூகுளில் கிடைக்கும் யாருடைய படத்தின் மீதும் கோடு போட்டு வரையாதீர்கள். உங்களில் ஒருவர் எடுத்த படத்தை வைத்து வரையுங்கள்.

வரைந்ததும் இரண்டு சோதனை. வாட்ஸ்அப் குழுப் படமாக வைத்துப் பாருங்கள். அந்தக் குட்டி வட்டத்துக்குள் என்ன பறவை என்றாவது தெரிய வேண்டும். பிறகு கறுப்பு வெள்ளையில் ஸெராக்ஸ் எடுங்கள், அந்த ஸெராக்ஸை இன்னொரு முறை ஸெராக்ஸ் எடுங்கள். சர்க்குலர்கள் அப்படித்தான் வகுப்புக்கு வகுப்பு போகின்றன. அதிலும் பறவை பறவையாகத் தெரிந்தால் லோகோ முடிந்தது.

எழுத்துருவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி எல்லாம் இலவசம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் மேலே கொக்கி, கீழே சுழி என்று வருவதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுங்கள்.

படி 4: அச்சுக்கடையில் தமிழ் உடையாமல் பார்த்துக்கொள்வது

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பட்ட பாடு அப்படி.

எங்கள் முதல் பேனருக்கு 'கொக்கு முதல் குயில் வரை' என்று தலைப்பு வைத்தோம். வாசகத்தை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். சாயங்காலம் பேனரை விரித்தால், கொக்கின் கொம்பு முன்னால் வராமல் 'க'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆறடிக்கு நான்கடியில் அந்தக் கோலம். கடைக்காரர், "நீங்க அனுப்புனதைத்தான் போட்டோம் தம்பி" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

நடந்தது இது. யூனிகோடில் 'கெ' என்று தட்டினால் கணினிக்குள் முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பில் அதற்கான அமைப்பு இருக்கிறது. விருப்பத்தேர்வுகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய், உலக மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் இது மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகள் என்ற பெயரில் இருக்கும். அது தேர்வாகாவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். சில கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. அவை யூனிகோடு அல்ல. உங்கள் வாசகத்தை மாற்றும்போதோ திரும்பத் தட்டும்போதோ பிழை புகுந்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, கடைக்கு எழுத்தாக எதையும் கொடுக்காமல் இருப்பது. இங்க்ஸ்கேப்பில் நீங்களே வடிவமைத்து, எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றி, பி.டி.எஃப். கொடுங்கள். அது முடியாவிட்டாலோ கேன்வாவில் செய்தாலோ பெரிய பி.என்.ஜி. படம் கொடுங்கள். ஏ3 போஸ்டர் என்றால் 297 x 420 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 3508 x 4961 பிக்சல் வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் அது சுருக்கிவிடும்.

அனுப்பும் முன் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். 'பறவைப் பார்க்க வாருங்கள்' என்று நாங்கள் அடித்து ஒட்டியிருக்கிறோம். அங்கே 'ப்' வராது, 'பறவை பார்க்க' என்றுதான் வர வேண்டும். ஒரு செமஸ்டர் முழுக்க அது நூலகத்தின் வாசலில் தொங்கியது.

இன்னொன்று, இயற்கையைப் பற்றிப் பேசும் மன்றம் ஃப்ளெக்ஸில் பேனர் அடித்தால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும். இரண்டு மீட்டர் காடாத் துணி வாங்கி, ஃபேப்ரிக் பெயின்டில் கையால் எழுதிவிடுங்கள். துவைத்து மடித்து ஐந்து வருஷம் பயன்படுத்தலாம், எழுத்தும் உடையாது.

படி 5: போஸ்டர்

வழக்கமான போஸ்டரில் என்ன இருக்கும்? 'மாபெரும் தொடக்க விழா' என்று ஒரு வரி, தாளாளர் படம், முதல்வர் படம், ஹெச்.ஓ.டி. படம், சிறப்பு விருந்தினர் படம், அடியில் 'அனைவரும் வருக'. நம் முதலாம் ஆண்டு மாணவரின் நான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இதில் பதில் இல்லை. அந்தப் படங்கள் தவிர்க்க முடியாதவை என்றால் அவற்றை அழைப்பிதழில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'நம் வளாகத்தில் இரண்டு ஆந்தைகள் குடியிருக்கின்றன. எந்த மரம் என்று தெரியுமா?
சனிக்கிழமை காலை 6.30, கேன்டீன் வாசல்.
பைனாகுலர் நாங்கள் தருகிறோம். கட்டணம் இல்லை. தனியாக வந்தாலும் சரி.'

அவ்வளவுதான். புள்ளி ஆந்தை ஜோடியாகப் பழைய மரப்பொந்தில் இருக்கும், பகலிலேயே எட்டிப் பார்க்கும், அதனால் பல வளாகங்களில் இதை நிஜமாகவே எழுத முடியும். ஆனால் நீங்கள் முதலில் பார்த்து உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். மரத்தைப் போஸ்டரில் சொல்லாமல் விட்டதற்கு ஆர்வத்தைத் தூண்டுவது மட்டும் காரணம் இல்லை. பொந்து எங்கே என்று ஊருக்கே சொன்னால் கல்லெறிந்து பார்க்க நான்கு பேர் வருவார்கள்.

தமிழில் எழுதியிருப்பதே 'இங்கிலீஷில்தான் பேசுவார்களோ' என்ற கேள்விக்குப் பதில். நோட்டீஸ் போர்டில் ஒன்று போதும். மீதியை மாணவர்கள் நின்று காத்திருக்கும் இடங்களில் ஒட்டுங்கள்: ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு கழுவும் இடம், ஸெராக்ஸ் கடை, பஸ் நிற்கும் இடம், தண்ணீர்க் குழாய். க்யூ.ஆர். கோடு வைத்தால் ஒட்டிய பிறகு நீங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

படி 6: வாட்ஸ்அப், இன்ஸ்டா

எடுத்தவுடன் குழுவின் இணைப்பைப் போஸ்டரில் போட்டுவிடாதீர்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம், அத்தனை பேருக்கும் மற்றவர்களின் எண் தெரியும். பல மாணவிகள் அதனாலேயே சேர மாட்டார்கள், சேர்ந்தாலும் இரண்டாம் நாள் வெளியேறிவிடுவார்கள். அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அரட்டைக்கு ஒரு சின்னக் குழு போதும், நேரில் வந்தவர்களை மட்டும் அவர்களைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்ஸ்டாகிராமில் முகப்புக் குறிப்பில் 150 எழுத்துக்குறிகளுக்குத்தான் இடம். அதில் கவிதை வேண்டாம், கிழமையும் நேரமும் இடமும் போடுங்கள். பதிவுக்கு 1080 x 1350, ஸ்டோரிக்கு 1080 x 1920 பிக்சல். அழகான பறவைப் படங்களை விட, வந்தவர்கள் மரத்தடியில் அண்ணாந்து நிற்கும் படங்கள்தான் ஆள் சேர்க்கும். 'நம்ம மாதிரிதான் இருக்காங்க' என்று தோன்றுமே, அதற்கு. முகம் தெரியும் படத்தைப் போடும் முன் அவரவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 7: நேரில் போய்ச் சொல்வது

ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள கல்லூரிகளில் முதலாம் ஆண்டுக்கு இரண்டு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடக்கும். அதில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அதைவிட்டால் ஒவ்வொரு வகுப்பின் சி.ஆரையும், அதாவது வகுப்புப் பிரதிநிதியையும், பிடியுங்கள். வகுப்புக் குழுவில் சி.ஆர். போடும் ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு உங்கள் ரீலுக்குக் கிடையாது. இன்டர்னல் தேர்வு வாரத்தில் எதையும் அறிவிக்காதீர்கள். "அண்ணா, ஓ.டி. கிடைக்குமா?" என்று, வகுப்புக்கு வராமலே வருகைப்பதிவு கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டே ஸ்காலர்களையும் மறக்கக் கூடாது. காலை ஆறரைக்கு அவர்களுக்குப் பஸ்ஸே கிடையாது. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். வெயில் ஏறி, சூடான காற்று மேலே எழும் நேரம் என்பதால் கரும்பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமடிப்பதைக் காட்டலாம்.

படி 8: முதல் காலை

ஆறு இருபதுக்கே துணிப் பேனருடன் ஒருவர் கேன்டீன் வாசலில் நிற்க வேண்டும். தனியாக வருபவரை அவர் பெயர் கேட்டு, கையில் பைனாகுலரைக் கொடுத்து, எப்படிச் சரிசெய்வது என்று காட்ட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு நிற்க ஒரு இடம் கிடைத்துவிடுகிறது. நிர்வாகிகள் ஐந்து பேரும் ஒன்றாக நின்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருப்பது பெரிய தப்பு. ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள்.

மூன்று பேர்தான் வந்தார்கள் என்றாலும் ஆறு நாற்பதுக்குக் கிளம்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று வந்தவர்களைக் காக்கவைக்காதீர்கள். மழை பெய்தால் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். மாதத்தில் முதல் சனி, மூன்றாம் சனி என்று சொல்லிவிட்டால் அந்த நாளில் அந்த இடத்தில் யாராவது ஒருவர் நின்றே ஆக வேண்டும். இரண்டு முறை ரத்து செய்தால் மூன்றாம் முறை போஸ்டரை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு நோட்டில் வந்தவர் பெயரையும், எப்படிக் கேள்விப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். பின்னால் எண்ண வேண்டியது இரண்டாம் முறை வந்தவர்களை மட்டும். லைக்கை எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பெரிய நிகழ்ச்சி வேண்டும் என்று தோன்றினால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, இ-பேர்டு செயலியில் பட்டியலை ஏற்றினால் போதும். பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனிக் கணக்கெடுப்பும் உண்டு. நம் வளாகத்தில் இத்தனை வகைப் பறவைகள் என்ற எண்ணிக்கையை முதல்வர் மேடையிலேயே சொல்வார். உங்களுக்கு வேறு விளம்பரம் தேவைப்படாது.

படி 9: அடுத்த வருஷத்துக்காரர்களிடம் ஒப்படைப்பது

எங்கள் இன்ஸ்டா கணக்கு ஒரு சீனியரின் சொந்த எண்ணில் இருந்தது. அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போனார், எண்ணையும் மாற்றிவிட்டார். ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷப் படங்கள் இருந்த கணக்கு அப்படியே பூட்டிக்கொண்டது. ஆகவே மன்றத்துக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்கி, அதில்தான் எல்லாக் கணக்கையும் திறக்க வேண்டும். மீட்பு முகவரியாக ஸ்டாஃப் கோஆர்டினேட்டருடையதைக் கொடுங்கள்.

அந்த ஜிமெயிலின் டிரைவில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். லோகோ, நிறக் குறியீடு, எழுத்துரு, முதல்வரின் அனுமதிக் கடிதம், சி.ஆர்.களிடம் அனுப்பிய வாசகம், பைனாகுலர் யார் அறையில் இருக்கிறது என்ற விவரம், எல்லாம் அதில் இருக்கட்டும். போஸ்டரின் அச்சு பி.டி.எஃப். பெயரிலேயே 'கடைக்கு இதை மட்டும் கொடுக்கவும்' என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஜூலையில் கொக்கின் கொம்பு மறுபடியும் பின்னால் போய் உட்கார்ந்துவிடும்.