சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

நியூயார்க்கில் வேலையில் சேரவிருந்த என் தம்பி, சிங்கப்பூரிலிருந்து இடைநில்லாமல் செல்லும் விமானத்தில் எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டதால், எக்செல் தாளில் நானே கணக்கிட்டேன். முதலில் கிடைத்த தூரம் 5,321 கிலோமீட்டர். சரியான விடையோ அதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

முதற்படியாக, இரு விமான நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாங்கி: 1.36, 103.99. ஜான் எஃப். கென்னடி: 40.64, −73.78.

நான் தவறியது அந்தக் கழித்தல் குறியில்தான். கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள தீர்க்கரேகைகளும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள அட்சரேகைகளும் கழித்தல் குறியுடனே எழுதப்பட வேண்டும். குறியை விட்டால் தீர்க்கரேகை வேறுபாடு 30.21 ஆகிவிடும், குறியோடு கணக்கிட்டால் 177.77 வரும். அதாவது, இவ்விரு நகரங்களும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் உள்ளன. அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து இதைக் காண முடியாது. வேறுபாடு 180-ஐத் தாண்டினாலும் கவலை வேண்டாம், அடுத்த படியில் வரும் கொசைன் அதைச் சரிசெய்துவிடும்.

அடுத்து, இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். பின்னர் அவற்றின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் ஒன்றாகப் பெருக்குங்கள். இரண்டு பெருக்கற்பலன்களையும் கூட்டி, நேர்மாறு கொசைன் கண்டு, பூமியின் சராசரி ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் சுமார் 15,340 கிலோமீட்டர் கிடைக்கும். பொதுவாகக் குறிப்பிடப்படும் தூரம் 15,349. பூமி முழுமையான கோளம் அன்று என்பதால் வரும் சிறு வேறுபாடு இது. சரிபார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அது வழியை வரைந்தும் காட்டுகிறது. ஆயினும், ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுவிட்டு அங்கே செல்லுங்கள்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று கொண்டால் 17 மணி நேரம். விமானம் மேலேறவும் கீழிறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விமான அட்டவணை பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் காட்டும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரை அங்கே கணக்கில் சேர்கிறது; சாதகமான காற்றைத் தேடி, பசிபிக் பெருங்கடலின் மேலான நீண்ட வழியும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எனவே இணைப்பு விமானத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது அட்டவணை நேரத்தையே நம்புங்கள்.

சென்றடையும் உள்ளூர் நேரத்துக்கு, சிங்கப்பூர் நேரத்திலிருந்து கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் கழிக்க வேண்டும். இரவு 11.30-க்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6.10, நியூயார்க்கில் கோடையில் அதே நாள் காலை 6.10, குளிர்காலத்தில் 5.10.

பின்சேர்க்கை: சூத்திரம் பொருந்தாத விடை தருவதாக வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவர் பாகைகளை, கோணத்தை அளக்கும் மற்றோர் அலகான ரேடியனாக மாற்றவில்லை. எக்செல் ரேடியனை மட்டுமே ஏற்கும் என்பதை நான் எழுதியிருக்க வேண்டும். மற்றவர் 40 பாகை 38 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) என்பதை 40.38 என்று எழுதியிருந்தார். 38-ஐ 60-ஆல் வகுத்து, 40.63 என்று எழுத வேண்டும்.